இளவரசிக்கு ஏன் ஒரு தோழி இல்லை?

தேவதைக் கதைகள்மீது ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அழகாக இரு, பொறுமையாக இரு, இளவரசன் ஒருவன் வந்து மீட்பான் என்றே அவை சிறுமிகளுக்குக் கற்பிக்கின்றன என்பது அது. அமெரிக்க ஆய்வாளர் மார்சியா லீபர்மன் 1972இல் இதை விரிவாக எழுதினார். அதன்பின் வந்த பெண்ணியத் திறனாய்வு அந்தக் குற்றச்சாட்டை டிஸ்னி நிறுவனத்தின் அனிமேஷன் படங்கள்மீது தொடர்ந்து வைத்தது. அது நியாயமானதுதான். ஆனால் இன்று அதனால் பெரிய பயன் எதுவுமில்லை. 2018இல் வந்த ‘ரால்ஃப் பிரேக்ஸ் தி இன்டர்நெட்’ படத்தில் டிஸ்னியின் இளவரசிகள் எல்லோரும் ஓர் அறையில் கூடி, வலிமையான ஆண் ஒருவன் வந்து தங்கள் சிக்கல்களைத் தீர்த்துவைத்ததாக உலகம் நினைப்பதைக் கேலி செய்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரே குற்றச்சாட்டை நகைச்சுவையாக்கி டிக்கெட் விற்கத் தொடங்கிவிட்டால், அது கூர் மழுங்கிவிட்டது என்றுதான் பொருள். கதாநாயகி காத்திருக்கிறாளா, வாளெடுக்கிறாளா என்ற கேள்வியிலேயே நாம் நின்றுவிட்டோம். அவளைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் வேறொரு சித்திரம் தெரியும். இந்தப் படங்கள் சிறுமிகளுக்குத் தரும் ஆழமான செய்தி இளவரசனைப் பற்றியது என்று நான் நினைக்கவில்லை. அது மற்ற பெண்களைப் பற்றியது. இன்னொரு பெண் என்பவள் இறந்துபோனவளாகவோ எதிரியாகவோ இருப்பாள், உனக்குத் துணையாக இருக்க மாட்டாள் என்பதே அந்தச் செய்தி.

இதற்கு மிகத் தெளிவான சான்று ‘தி லிட்டில் மெர்மெய்ட்’. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட மூலக்கதையில் கடலரசனின் வீட்டை நிர்வகிப்பவள் அவனுடைய வயதான தாய். பேத்திகள் ஆறு பேருக்கும் நிலத்து உலகத்தைப் பற்றிச் சொல்லித்தருபவள் அவளே. பதினைந்து வயது நிறைந்ததும் ஒவ்வொரு பேத்தியாகக் கடலின் மேற்பரப்புக்குப் போய்வந்து, தான் கண்டதை மற்றவர்களுக்குச் சொல்கிறாள். கடைக்குட்டியின் ஏக்கம் அக்காக்கள் சொன்ன கதைகளில்தான் வளர்கிறது. அவள் குரலை இழந்து, நிலத்துக்குப் போய், இளவரசனையும் இழந்து மறுநாள் விடியலில் சாகவிருக்கும்போது, அக்காக்கள் தங்கள் நீண்ட கூந்தலைச் சூனியக்காரிக்கு வெட்டிக் கொடுத்து அவளைக் காப்பாற்ற ஒரு கத்தியை வாங்கி வருகிறார்கள். இளவரசன் மணக்கும் பெண்ணோ ஒரு தவறும் செய்யாதவள். இறுதியில் கடற்கன்னி கண்ணுக்குத் தெரியாதவளாக அவள் நெற்றியில் முத்தமிட்டுப் பிரிகிறாள். 1989இல் வந்த டிஸ்னி படத்தில் பாட்டி இல்லை. அக்காக்கள் தொடக்கத்தில் ஒரு பாட்டுப் பாடுகிறார்கள், அதன்பின் அவர்களுக்குப் பெரிதாக வேலையில்லை. ஏரியலின் துணைகள் ஒரு மீன், ஒரு நண்டு, ஒரு கடற்பறவை. மூன்றும் ஆண்கள். குற்றமற்ற மணமகள் இருந்த இடத்தில் சூனியக்காரி அர்சுலா மாறுவேடத்தில் வந்து நிற்கிறாள். ஆண்டர்சனின் துயரமான முடிவை மகிழ்ச்சியான முடிவாக மாற்றிவிட்டார்கள் என்றுதான் பலரும் குறைப்பட்டார்கள். அதைவிடப் பெரிய மாற்றம், ஒரு பெண்ணுக்காக மற்றப் பெண்கள் எதையாவது இழக்கக்கூடும் என்ற எண்ணமே கதையிலிருந்து அகன்றுபோனது.

இது ஒரு படத்தோடு நிற்கவில்லை. 1950இல் வந்த ‘சிண்ட்ரெல்லா’ பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697இல் பதிப்பித்த வடிவத்தைப் பின்பற்றியது. பெரோவின் கதை முடியும்போது சிண்ட்ரெல்லா தன்னைக் கொடுமைப்படுத்திய சகோதரிகளை மன்னித்து, அரண்மனையில் இடம் கொடுத்து, பிரபுக்கள் இருவருக்கு மணமுடித்துவைக்கிறாள். படத்தில் அந்த மன்னிப்பு இல்லை. கிரிம் சகோதரர்களின் வடிவத்தில் மன்னிப்புக்கு இடமேயில்லை, புறாக்கள் அந்தச் சகோதரிகளின் கண்களைக் கொத்துகின்றன. ஆனால் அங்கே வேறொரு பெண் இருக்கிறாள். மகள் தன் தாயின் கல்லறையில் ஒரு மரக்கிளையை நட்டுக் கண்ணீரால் வளர்க்கிறாள். அந்த மரத்திலிருந்துதான் அவளுக்கு ஆடைகள் கிடைக்கின்றன. இறந்த தாயும் அங்கே ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். டிஸ்னி அந்த மரத்தையும் எடுக்கவில்லை, பெரோவின் மன்னிப்பையும் எடுக்கவில்லை. ஆபத்துக்கு உதவும் தேவதை சில நிமிடங்கள் வந்து மறைகிறாள். படத்தின் பெரும்பகுதியில் சிண்ட்ரெல்லாவுக்கு உற்ற துணை எலிகள்தாம்.

பழி முழுவதையும் அமெரிக்க ஸ்டுடியோவின் தலையில் கட்டிவிட முடியாது. 1812இல் வெளிவந்த கிரிம் முதற்பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். தாய்மையின் புனிதம் காப்பாற்றப்பட்டது. விலையாக, நல்ல தாய் முதல் பக்கத்திலேயே இறக்க வேண்டியதாயிற்று, வயதான பெண் என்றால் ஐயத்துக்குரியவள் என்பதும் உறுதியாயிற்று. இதில் ஒரு விந்தை உண்டு. இக்கதைகளைக் காலங்காலமாகச் சொல்லிவந்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். கிரிம் சகோதரர்களுக்குக் கதை கொடுத்தவர்களில் காசல் நகரத்து வில்ட் குடும்பத்துப் பெண்களும், ஹாசன்ஃப்ளுக் சகோதரிகளும், அந்நகரச் சந்தைக்குத் தோட்டத்து விளைபொருள் கொண்டுவந்த டொரோத்தியா ஃபீமானும் உண்டு. ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ கதையை 1740இல் நீண்ட வடிவத்தில் எழுதிய வில்னவும், 1756இல் சுருக்கி எழுதிய போமோனும் பெண்கள். பெரோ நூலின் முகப்புப் படத்திலேயே ஒரு மூதாட்டி நூல் நூற்றபடி கதை சொல்கிறாள். ‘ஸ்னோ ஒயிட்’, ‘சிண்ட்ரெல்லா’, ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ மூன்று படங்களும் ஓர் அலங்காரப் புத்தகம் தானாகத் திறப்பதில் தொடங்குகின்றன. கதை சொன்ன கிழவியின் இடத்தைப் புத்தகம் எடுத்துக்கொண்டது. கிழவி கதைக்குள் வருகிறாள், ஆனால் கையில் நஞ்சு தோய்ந்த ஆப்பிளோடு வருகிறாள்.

இதை வெறும் மனப்பதிவு என்று ஒதுக்க முடியாதபடி எண்ணிக்காட்டியவர்கள் மொழியியலாளர்கள் கார்மன் ஃபாட்டும் கேரன் ஐசன்ஹவரும். டிஸ்னி இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று அவர்கள் கணக்கிட்ட விவரம் 2016இல் வெளியானது. 1937இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’டில் ஆண் பெண் பேச்சு ஏறத்தாழச் சரிபாதி. ‘சிண்ட்ரெல்லா’வில் பெண்களின் பங்கு 60 சதவீதம், 1959இன் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் 71 சதவீதம். நாயகி துணிச்சலும் கனவும் உள்ளவளாக மாறிய புதிய அலைக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. ‘தி லிட்டில் மெர்மெய்ட்’டில் ஆண்கள் 68 சதவீதம் பேசுகிறார்கள். ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’டில் 71, ‘போகஹான்டஸ்’ படத்தில் 76, போர்க்களத்தில் நாட்டையே காக்கும் பெண்ணின் கதையான ‘முலான்’ படத்தில் 77, ‘அலாதீன்’ படத்தில் 90. அதே ஆய்வின்படி, பெண்களுக்குக் கிடைக்கும் பாராட்டுகளில் தோற்றத்தைப் பற்றியவை பழைய படங்களில் 55 சதவீதமாக இருந்து இந்த அலையில் 38 ஆகக் குறைந்தன. மேற்பரப்பில் முன்னேற்றம்தான். நாயகியின் அழகை மட்டும் பார்ப்பது குறைந்தது, அவள் குணத்தைப் பேசினார்கள். அதே வேளையில் அவள் வாழும் உலகத்திலிருந்து மற்றப் பெண்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அலாதீனின் ஜாஸ்மினுக்குத் தந்தை உண்டு, புலி உண்டு. மனம்விட்டுப் பேச ஒரு பெண் அந்த அரண்மனையில் இல்லை.

‘ஸ்லீப்பிங் பியூட்டி’ இந்த வரிசையில் தனித்துப் பார்க்க வேண்டிய படம். செயலற்ற நாயகிக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் காட்டுவது இதைத்தான். 75 நிமிடப் படத்தில் அரோரா திரையில் தோன்றுவது ஏறத்தாழ 18 நிமிடம். ஆனால் படத்தின் வினை முழுவதும் ஃப்ளோரா, ஃபானா, மெரிவெதர் என்ற மூன்று நடுவயது கடந்த தேவதைகளின் கையில் இருக்கிறது. குழந்தையை ஒளித்து வளர்ப்பவர்கள் அவர்கள். மரணச் சாபத்தை உறக்கமாகத் தணிப்பவள் அவர்களில் ஒருத்தி. இளவரசனைச் சிறையிலிருந்து மீட்டு, வாளும் கேடயமும் தந்து, அந்த வாள் டிராகனின் நெஞ்சில் பாய மந்திரம் சொல்வதும் அவர்களே. இளவரசன் இவர்களுடைய கருவி என்றுகூடச் சொல்லலாம். இருந்தும் அந்தப் படத்திலிருந்து நினைவில் நிற்பது ஒரு முத்தம் மட்டும்தான். படம் என்ன காட்டியது என்பதும், நாம் அதில் எதைப் பார்க்கப் பழகியிருக்கிறோம் என்பதும் வேறுவேறு. நாயகியை மட்டும் பார்க்கும் விமர்சனமும் அந்த மூன்று பெண்களைப் பார்க்கத் தவறியது.

இந்தப் போக்குக்குக் காரணம் தேடினால் ஸ்டுடியோவின் வேலைப் பிரிவினை கண்ணில் படும். படைப்புப் பணி ஆண்களுடையது, பெண்களுக்கு உரியது மை தீட்டுவதும் வண்ணம் பூசுவதும் மட்டுமே என்று 1938இல் விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு நிறுவனம் எழுதிய மறுப்புக் கடிதம் இன்று பரவலாக அறியப்பட்டது. நிறுவனத்தின் முழுநீள அனிமேஷன் படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிய முதல் பெண் லிண்டா உல்வர்டன், ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்துக்காக, 1991இல். அந்த ஸ்டுடியோவின் முழுநீளப் படமொன்றை இயக்கியவர்களில் முதல் பெண் ஜெனிஃபர் லீ, 2013இல் ‘ஃப்ரோஸன்’ படத்தில் கிறிஸ் பக்குடன் இணைந்து. ஆனால் எழுதுபவர் பெண்ணாக இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. உல்வர்டனின் பெல் புத்தகம் படிக்கும், தன் விருப்பத்தில் உறுதியாக நிற்கும் பெண். அந்தப் படத்திலும் ஆண்களின் பேச்சு 71 சதவீதம்தான். காவலாளி, கடைக்காரர், ஊர்க்கூட்டத்தில் கத்துபவர், நகைச்சுவைக்கு வரும் விலங்கு என்று பாலினம் எதுவாகவும் இருக்கக்கூடிய ஒவ்வொரு பாத்திரத்தையும் யோசிக்காமலேயே ஆணாக வரைந்துவிடும் பழக்கம் அது. பெரும் பாத்திரங்களைத் திட்டமிட்டு மாற்றலாம். சிறு பாத்திரங்கள் பழக்கத்தில் உருவாகின்றன. உலகத்தில் யார் இயல்பாக இருப்பார்கள், யார் விதிவிலக்காக இருப்பார்கள் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்வது அந்தச் சிறு பாத்திரங்களிடம்தான்.

தமிழ்க் கவிதை மரபை அறிந்தவர்களுக்கு இந்தத் தனிமை உறுத்தாமல் போகாது. அகப்பாடல்களின் தலைவியும் ஒருவனுக்காகக் காத்திருப்பவள்தான், திருமணத்தை நோக்கிப் போகும் கதைதான் அவளுடையதும். ஆனால் அவளைத் தோழி இல்லாமல் கற்பனை செய்ய முடியாது. தலைவனைச் சோதிப்பதும், திட்டுவதும், மணத்துக்கு நெருக்குவதும் தோழியின் வேலை. வளர்ப்புத்தாயான செவிலியின் மகள் தோழி என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது, அதாவது அவள் அந்த வீட்டின் பெண்வழி உறவுக்குள் இருப்பவள். மறைத்துவைத்த காதலைத் தோழி செவிலிக்குச் சொல்ல, செவிலி பெற்ற தாயான நற்றாய்க்குச் சொல்ல, அதன்பின் அது தந்தையை எட்டுவதை அறத்தொடு நிற்றல் என்றார்கள். ஓர் உண்மை பல பெண்களின் வழியாக நடந்து வீட்டை அடைகிறது. அந்தச் சமூகம் பெண்களுக்கு விடுதலை தந்தது என்று இதனால் ஆகிவிடாது. காதல் கதையாக இருந்தால் பெண் தனித்துத்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை என்பது மட்டும் இதிலிருந்து தெளிவாகிறது. இளவரசனைக் கதையிலிருந்து நீக்குவதால் மட்டும் சிக்கல் தீராது என்று நான் கருதுவதும் இதனால்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பெற்றோர் இறந்தால்தானே குழந்தை வீட்டைவிட்டுக் கிளம்பும், சாகசம் தொடங்கும்? பாம்பியும் தாயை இழக்கிறது, சிம்பாவும் தந்தையை இழக்கிறது, இது கதை இலக்கணம், பெண் வெறுப்பு அல்ல என்பார்கள். சரிதான். ஆனால் அந்த இலக்கணம் ஆண் பிள்ளைகளுக்கு எப்படி வேலை செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். ‘ஜங்கிள் புக்’கின் மௌக்லிக்குக் கருஞ்சிறுத்தையும் கரடியும் ஆசான்கள். ‘தி ஸ்வோர்ட் இன் தி ஸ்டோன்’ படத்தில் சிறுவன் ஆர்தருக்கு மந்திரவாதி மெர்லின் பாடம் நடத்துகிறார். சிம்பாவை உடனிருந்து வளர்த்துவிட டிமோனும் பும்பாவும், திருத்தி அனுப்ப ரஃபிகியும் வருகிறார்கள். அத்தனை பேரும் ஆண்கள். தந்தையை இழந்த சிறுவன் ஆண்களின் தொடர்ச்சியான மரபுக்குள் ஏற்றுக்கொள்ளப்படுகிறான். தாயை இழந்த சிறுமிக்கு எலிகள் கிடைக்கின்றன. அனாதையாவது இருவருக்கும் பொது, மரபு கைமாறுவது ஒருவருக்கு மட்டும். மறுப்பைச் சொல்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாம் பாதியை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இந்தப் படங்கள் சிறுமிகளுக்கு உண்மையில் தீங்கு செய்கின்றனவா? அமெரிக்காவில் சாரா காய்னும் குழுவினரும் 198 மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு, இளவரசிகளில் அதிகம் ஈடுபட்ட குழந்தைகளிடம் ஓராண்டுக்குப் பிறகு பெண்ணுக்குரியவை என்று வகுக்கப்பட்ட நடத்தைகள் கூடியிருந்ததைக் காட்டியது. செய்தித்தாள்கள் அதைப் பரபரப்பாக எழுதின. அதே குழந்தைகளை அதே குழு ஐந்தாண்டு கழித்துப் பார்த்து 2021இல் எழுதிய கட்டுரை வேறுவிதமானது: சிறுவயதில் இளவரசிக் கதைகளில் மூழ்கியவர்கள் ஆணாதிக்க நெறிகளைக் குறைவாகவே ஏற்றார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தியது. இதற்கு முன் 2010இல் ஷாரன் ஹேய்ஸும் ஸ்டேசி டான்ட்லெஃப்-டன்னும் 3 முதல் 6 வயதுச் சிறுமிகளிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் தாங்கள் குண்டாக இருப்பதாகக் கவலைப்பட்டார்கள். ஆனால் சற்றுமுன் காட்டிய படக்காட்சிகள் அந்தக் கவலையைக் கூட்டவில்லை. ஆக, படம் பார்த்தால் பெண் பிள்ளை கெட்டுப்போவாள் என்ற எளிய அச்சத்துக்கு ஆதாரம் போதாது. என் வாதம் அந்த அச்சத்தின்மீது நிற்கவும் இல்லை. 2021 முடிவுக்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று, பெண்ணை மையமாக வைத்த கதைகள் குழந்தைகளின் உலகில் அரிது, இளவரசிக் கதைகள் அதைத் தருகின்றன என்பது. மையத்தில் ஒரு பெண் இருப்பதே இவ்வளவு நன்மை செய்யுமானால், அவளைச் சுற்றிப் பல பெண்கள் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை இந்த மறுப்பே எழுப்பிவிடுகிறது.

மூன்றாவதாக, எல்லாம் மாறிவிட்டதே என்பார்கள். ஓரளவு மாறியிருக்கிறது. 2012இன் ‘பிரேவ்’ தாயும் மகளும் மோதி, ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் கதை. அதில் பெண்களின் பேச்சு 74 சதவீதம். ‘மோவானா’வில் பாட்டி டாலா பேத்தியைக் கடலுக்கு அனுப்புகிறாள். 2021இன் ‘என்கான்டோ’வில் மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே கூரையின்கீழ் சண்டையிட்டுச் சமாதானமாகிறார்கள், வில்லி என்று யாரும் இல்லை. ‘ஃப்ரோஸன்’ அக்கா தங்கையின் அன்பையே சாபத்தை உடைக்கும் மந்திரமாக்கியது. ஆனால் அந்த அக்கா தங்கை படத்தின் பெரும்பகுதியில் மூடிய கதவுக்கு இருபுறமும் பனிமலைக்கு இருபுறமும் பிரிந்தே இருக்கிறார்கள். பெண்களின் பேச்சு 41 சதவீதம்தான். திரைக்கு வெளியே மாற்றம் இன்னும் மெதுவாகவே நடக்கிறது. இளவரசிகளை ஒரே வணிக முத்திரையின்கீழ் திரட்டிய பொருட்களின் விற்பனை 2001இல் 30 கோடி டாலராக இருந்து 2006இல் 300 கோடியானது. அந்தப் பொருட்களில் இளவரசிகள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை என்பதை அவ்வாண்டே பெக்கி ஓரன்ஸ்டீன் கவனித்து எழுதினார். பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒவ்வொருத்தியின் பார்வையும் வேறெங்கோ இருக்கும். 2013இல் ‘பிரேவ்’ நாயகி மெரிடாவை இந்த வரிசையில் சேர்த்தபோது அவள் இடையை ஒடுக்கி, ஒப்பனை கூட்டி வரைந்தார்கள். படத்தை உருவாக்கிய பிரெண்டா சாப்மனே அதைக் கண்டித்தார். ‘ஃப்ரோஸன் 2’ படத்தின் எல்சா 2019இல் சுருதி ஹாசனின் குரலில் தமிழ் பேசினாள். ஆனால் நம் ஊர்க் குழந்தை எல்சாவைப் பள்ளிப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் பிறந்தநாள் கேக்கிலும் பார்ப்பது அதிகம். அங்கே அவளுக்குக் குரல் இல்லை, பெரும்பாலும் தங்கையும் இல்லை.

ஆகவே ஒரு படம் பெண் பிள்ளைகளுக்கு உகந்ததா என்று மதிப்பிட, நாயகி துணிச்சல்காரியா என்பது போதாத அளவுகோல். அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் பெண் யார், அவளோடு முரண்பட்டும் கைவிடாத பெண் யார், வயதான பெண்களுக்குக் கதையில் சூனியம் தவிர வேறு தொழில் உண்டா என்பவற்றைக் கேட்க வேண்டும். தடை செய்வதால் இதற்கு விடை கிடைக்காது. தடுக்கப்பட்ட கதைக்குக் கவர்ச்சி கூடும், மேலும் குழந்தைகள் கதையை அப்படியே விழுங்குபவர்களும் அல்லர். படம் விட்டுவிட்ட பாட்டியையும் அக்காக்களையும் கதையில் மீண்டும் சேர்த்துச் சொல்ல வீட்டில் இருக்கும் எவராலும் முடியும். இந்தக் கதைகள் நூற்றாண்டுகளாகச் சொல்பவரின் நாவில் மாறிமாறித்தான் வாழ்ந்தன, படம் அந்த மாற்றங்களில் ஒன்று மட்டுமே. ஆனால் படமெடுப்பவர்களிடமும் ஒன்று கேட்டாக வேண்டும். ‘வலிமையான நாயகி’ என்பது இன்று எல்லோரும் மெச்சும் சொல்லாகிவிட்டது. எல்லாவற்றையும் தனியாகச் சாதிப்பவள் என்பதே அதன் நடைமுறைப் பொருளாக இருக்கும்வரை, அதுவும் பழைய பாடத்தின் இன்னொரு வடிவம்தான். காத்திருக்கச் சொல்லப்பட்ட சிறுமி ஓர் ஆணின் வரவை நம்பி வளர்ந்தாள். தனித்து வெல்லச் சொல்லப்படும் சிறுமி, வேறொரு பெண்ணிடம் உதவி கேட்பதையே தோல்வி என்று எண்ணி வளர்வாள்.